கிணறு முட்டத் தண்ணி, அள்ள வாளி இல்லை: சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சனசமூக நிலையத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் வலிகாமப் பக்கத்தில் வயரிங் வேலை செய்கிறவன். தண்ணி மோட்டர் பூட்டுவது, பிரேக்கர் மாற்றுவது, எரிந்த ஃபானுக்குக் கொயில் சுற்றுவது என்று முப்பது வருசமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இந்த மடல் ஒரு குறிப்பிட்ட நிலையத்துக்கு எழுதியது இல்லை. பேப்பர் மேசையும் கரம் போட்டும் உள்ள எல்லா நிலையத்துக்கும்தான். புரட்டாசி பிறந்துவிட்டது. மாரி மழைக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கின்றன. அதற்குள் உங்களிடம் ஒரு வேலை கேட்க வேண்டும்: கரண்ட் நெடுநேரம் போனாலும் சமாளிக்கும்படி, தனியாக இருக்கிற முதியவர் வீடுகளை ஆயத்தப்படுத்துகிற வேலை. அந்த வேலையில் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன கார்த்திகைக் கடைசியில் இரண்டு நாள் விடாத காற்றும் மழையும். ஒழுங்கைக்குள் தென்னை ஒன்று முறிந்து லைனில் விழுந்ததில் எங்கள் பக்கம் முழுக்க இருட்டு. இரண்டாம் நாள் பின்னேரம், சின்ன வகுப்பில் எனக்குப் படிப்பித்த ரீச்சரின் வீட்டுப் பக்கம் போனேன். எழுபத்தெட்டு வயது. பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். கேற்றைத் தட்டியதும் உள்ளேயிருந்து "ஆரது?" என்று குரல் வந்தது. பெயரைச் சொன்னேன்.

"தம்பி, நல்ல நேரத்துக்கு வந்தீர். குடிக்கக் கொஞ்சம் தண்ணி அள்ளித் தருவீரோ?"

குசினிக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு சில்வர் சாடியின் அடியில் இரண்டு விரல் தண்ணி. முதல் நாள் காலையிலேயே தாங்கி காலி. பிறஷர் குளிசை போடுவதற்காக அந்தத் தண்ணியை மிச்சம் பிடித்து வைத்திருந்தார். பின் கதவிலிருந்து கிணற்றுக்குப் பன்னிரண்டு அடி. எட்டிப் பார்த்தால், கட்டின் அடிக்கு ஒரு முழம் கீழே தண்ணி கறுப்பாகத் தளும்பிக்கொண்டு நிற்கிறது. கை நீட்டினால் எட்டும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் எட்டாது. வாளி இல்லை, கயிறு இல்லை, கப்பி இல்லை.

கப்பியைக் கழற்றியவன் நான். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன் அவருக்கு மோட்டர் பூட்டிய நாளில், குறுக்குக் குழாயையும் கப்பியையும் கழற்றி, "இனி இது எதுக்கு ரீச்சர், பட்டனை அமத்தினாச் சரி" என்று சொல்லிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்ததும் நானேதான். அன்று பின்னேரம் கொடிக்கயிற்றை அவிழ்த்து, அவருடைய கேத்திலின் பிடியில் கட்டி இறக்கினேன். ஒரு சின்னக் குடம் நிரம்பப் பதினொரு தடவை இழுக்க வேண்டியிருந்தது. ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டில் சாமான் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் காசு அனுப்பி வாங்கிய நல்ல இன்வேட்டர் ஒன்று விறாந்தையில் இருந்தது. பற்றறிக்குத் தண்ணி ஊற்றி இரண்டு வருசம். உள்ளே பிளேற் காய்ந்து அது எப்போதோ செத்துவிட்டது. ரோச் அலுமாரிக்குள் இருந்தது. அதற்குள்ளேயே போட்டு வைத்த பற்றறி கசிந்து, சுருள் கம்பியில் பச்சை பூத்துக் கிடந்தது. காஸ் அடுப்பு இருந்தது, பற்ற வைக்கிற லைற்றர் வேலை செய்யவில்லை, நெருப்புப்பெட்டி நமத்துப்போயிருந்தது. போன் இருந்தது, முதல் நாள் இரவே அணைந்துவிட்டது. ரொறன்ரோவிலிருந்து மகள் நூறு தடவை எடுத்திருப்பாள்.

இது ஒரு ரீச்சர் வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒழுங்கைக்கு இரண்டு மூன்றாவது வரும்.

எங்களுக்கு இருட்டு புதிசில்லை. யுத்தத்தில் 1990 இல் போன கரண்ட் பல ஊர்களுக்கு வருசக்கணக்கில் வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரி போட்டுப் படித்த ஆட்கள் நாங்கள். புதுப் பற்றறி கிடைக்காது. தீர்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவோம். அதுவும் சரிவராவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் டைனமோவில் ரேடியோ செய்தி கேட்போம். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அப்படிச் சுற்றப்போய்த்தான். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் ஒரு பைக்குள் கதவடியில் எப்போதும் ஆயத்தமாகத் தொங்கும். 1995 ஐப்பசிக் கடைசியில், இடப்பெயர்வில், அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் எல்லோரும் நடந்தோம்.

ஆனால் அந்தக் காலத்து வீடு வேறு. அப்போது கரண்ட் போனால் வெளிச்சம் மட்டும்தான் போகும். கிணற்றில் துலாவோ கப்பியோ இருந்தது, அடுப்பில் விறகு இருந்தது, வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இப்போது கரண்ட் போனால் அதோடு தண்ணி போகிறது, கக்கூசுக்கு ஊற்றுவதும் போகிறது, போன் போகிறது, மருந்தின் குளிர் போகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் அட்டவணை பார்த்துத் தாங்கி நிரப்பி வைக்கிற பழக்கம் இருந்தது. பொருளாதார நெருக்கடி முடிந்த கையோடு அந்தப் பழக்கமும் போய்விட்டது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அட்டவணை எதுவும் இல்லாமல் நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஏறியதாம். அங்கே ஒரு குரங்கு பாய இங்கே கந்தர்மடத்தில் மோட்டர் நிற்கிறது. எல்லாம் ஒரே வலைப்பின்னல் என்றால் அப்படித்தான்.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாரிக்கும் முன், அவசரத்துக்கு வீட்டில் ஆயத்தமாக வைக்கிற பெட்டிக்கு என்று போனில் ஒரு பட்டியல் சுற்றும், பார்த்திருப்பீர்கள். விசில், கம்பளிப் போர்வை, ரின் திறக்கிற கத்தி என்று எந்தக் குளிர் நாட்டுக்கோ எழுதினது. யாழ்ப்பாணத்துப் பெட்டிக்கு முதல் சாமான் கயிறு. ரோச்சுக்கும் முன்னால் கயிறு.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் இதிலும் பிழை விடுகிறார்கள். பெரிய வாளி வாங்காதீர்கள். பத்து லீற்றர் தண்ணி பத்துக் கிலோ. எழுபது வயதுக்காரர் இருட்டில், வழுக்குகிற கிணற்றுக் கட்டில் நின்று அதை இழுக்கக் கூடாது. ஐந்து லீற்றர் போதும். தகர வாளி தானாகத் தாழும். பிளாஸ்ரிக் வாளி மிதந்துகொண்டு விளையாட்டுக் காட்டும். அதன் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பெரிய இரும்பு நட்டு ஒன்றைக் கம்பியால் கட்டிவிட்டால் அந்தப் பக்கம் சரிந்து தண்ணி ஏறும். கயிறு விரல் மொத்தத்தில் இருக்க வேண்டும், மெல்லிய நைலோன் கையை அறுக்கும். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டால் பிடி வழுக்காது. மாரியில் தண்ணி மேலே நிற்கிறதே என்று கட்டையாக வெட்டாதீர்கள். கரண்ட் பங்குனி சித்திரையிலும் போகும். கோடைத் தண்ணிக்கு அளந்து வெட்டுங்கள். மறு நுனியைக் கட்டில் உள்ள வளையத்திலோ மரத்திலோ கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே வாளியும் கயிறும் கிணற்றுக்குள் போய்விடும். இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டிய கிணறு என்றால் திறப்பு எங்கே என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். இப்போது மோட்டர் பூட்டப் போகிற வீடுகளில் நான் கப்பியைக் கழற்றுவதில்லை. கழற்றச் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மற்றச் சாமான்களுக்குப் பெட்டி தேட வேண்டாம். மூடி உள்ள பெயின்ற் வாளி ஒன்று எல்லா வீட்டிலும் கிடக்கும். கழுவிக் காயவைத்து அதற்குள்ளேயே போட்டு வைக்கலாம். மழை ஒழுகினாலும் நனையாது, எலியும் லேசில் கடிக்காது. அதற்குள் ஒரு ரோச், பற்றறியை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றி வைத்தபடி. தலையில் மாட்டுகிற ரோச் கிடைத்தால் இன்னும் நல்லது. கிணற்றடிக்குப் போகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும். நெருப்புப்பெட்டி இரண்டு, இறுக்க மூடுகிற ஜாம் போத்தலுக்குள். மெழுகுதிரி வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் நுளம்புவலைக்குப் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்துவது வீட்டுக்கு நெருப்பு வைக்கிற வேலை. ஃபான் நின்றால் நுளம்பு சும்மா விடாது, மாரியோடு டெங்கும் வரும். ஆகவே வலை கட்டாயம், வெளிச்சத்துக்கு ரோச்.

பவர் பாங்க் ஒன்று. மேலே 10,000 என்று போட்டிருந்தால் இரண்டு தடவை போனை நிரப்பலாம் என்று கணக்குப் பார்ப்பார்கள். இப்போதைய 5,000 பற்றறிப் போனை அது ஒன்றரைத் தடவை நிரப்பினால் பெரிய காரியம், மாற்றுகிறபோதே ஒரு பங்கு சூடாகப் போய்விடும். வாளிக்குள் போட்டுவிட்டு மறந்தால் அதுவும் மெல்ல இறங்கும். ஒவ்வொரு பறுவத்துக்கும் எடுத்துச் சார்ஜ் போடுங்கள், நாள் மறக்காது. பற்றறியில் ஓடுகிற சின்ன ரேடியோ ஒன்றும் இருக்கட்டும். மின்சாரம் நெடுநேரம் இல்லாவிட்டால் போன் கோபுரங்களின் பற்றறியும் இறங்கிவிடும். அப்போது உங்கள் போனில் சார்ஜ் இருந்தும் பயன் இல்லை.

ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் நம்பர்களை எழுதி வாளிக்குள் போடுங்கள். மின்சார சபைக்கு 1987, அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. அதோடு பக்கத்து வீடு, பிள்ளைகள், உங்கள் நிலையச் செயலாளர். போன் அணைந்தால் சொந்த மகனின் நம்பரே எங்களில் எத்தனை பேருக்கு வாயில் வரும்?

சாப்பாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அவல், சீனி, பனங்கட்டி, பால்மா, பிஸ்கற், புழுக்கொடியல். மூன்று நாளைக்குச் சமைக்காமல் சமாளிக்க எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், அவ்வளவுதான். மூடியபடி இருந்தால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும்.

இன்சுலின் ஆட்களுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் 25 முதல் 30 பாகைச் சூட்டுக்குள் நாலு கிழமை மட்டும் தாங்கும். உங்களுடையது எவ்வளவு தாங்கும் என்று அடுத்த கிளினிக்கில் கேட்டு அந்த மட்டையிலேயே எழுதுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் செய்தது இதுதான்: ஒரு மண்சட்டிக்குள் ஈர மணல், அதற்குள் ஒரு சின்ன மண்முட்டி, முட்டிக்குள் பொலித்தீனில் சுற்றிய மருந்து, மேலே ஈரச் சாக்கு. காற்றுப் படுகிற நிழலில் வைத்தால் உள்ளே தொட்டுப் பார்க்கக் குளிரும்.

இனி என் தொழிலுக்குள் வருகிற விசயங்கள். இவற்றில் கொஞ்சம் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேற்றர் வாங்கியவர்கள் சிலர் என்னிடம் வந்து, இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயர் ஒன்று செய்து தா என்று கேட்கிறார்கள். ஒரு நுனியை ஜெனரேற்றரிலும் மறு நுனியைச் சுவரில் உள்ள பிளக் ஓட்டையிலும் குத்தினால் வீடு முழுக்க வெளிச்சம் வரும், உண்மைதான். மெயின் சுவிட்ச் ஓனில் இருந்தால் அந்தக் கரண்ட் மீற்றரைத் தாண்டி ரோட்டு லைனுக்கும் போகும். அங்கே ட்ரான்ஸ்போமர் தலைகீழாக வேலை செய்து 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மழைக்குள் ஏறி நிற்கிற ஊழியர் அதில்தான் கை வைப்பார். அவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. நான் செய்து கொடுப்பதில்லை. ரோட்டு லைனும் ஜெனரேற்றரும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேராமல் தடுக்கிற மாற்றுச் சுவிட்ச் (சேஞ்ச் ஓவர்) ஒன்று முறையாகப் பூட்டினால் இந்தக் கரைச்சலே இல்லை. அதுவரை ஜெனரேற்றரிலிருந்து நேரே ஒரு எக்ஸ்ரென்சன் வயர் இழுத்துத் தேவையான சாமானை மட்டும் ஓட்டுங்கள். ஜெனரேற்றரை விறாந்தையிலோ குசினியிலோ வைக்காதீர்கள். புகையோடு வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, யன்னலுக்கு எதிர்ப் பக்கமாக வையுங்கள்.

கூரையில் சோலர் பூட்டிய வீட்டுக்காரர்கள் கரண்ட் போனதும் எனக்கு எடுத்து, "வெயில் எறிக்குது, ஏன் வேலை செய்யேல்லை?" என்று கேட்பார்கள். மின்சார சபை லைனோடு இணைத்த சோலர், லைன் செத்தால் தானும் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன அதே லைன்காரரைக் காப்பாற்றத்தான். பற்றறியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால்தான் கரண்ட் இல்லாத நேரத்தில் உதவும்.

சாதாரண இன்வேட்டரும் மந்திரப் பெட்டி இல்லை. 12 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றறி ஒன்றில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் அது நெடுநாள் உழைக்கும். அந்தப் பாதியில் ஒரு சீலிங் ஃபானும் இரண்டு எல்ஈடி பல்புகளும் ஐந்தாறு மணித்தியாலம் ஓடும். அதிலேயே பிரிட்ஜையும் ரீவியையும் கொழுவிவிட்டு, சாமான் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று. கரண்ட் போனதும் மோட்டர் சுவிட்சை ஓவ் பண்ணுங்கள். இதை ஊருக்கெல்லாம் சொல்லுகிற நானே ஒரு தடவை மறந்தேன். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து, தாங்கி நிரம்பி வழிந்து, கிணறு வற்றுமட்டும் ஓடி, விடியப் பார்க்க மோட்டர் கருகி மணக்கிறது. வயரிங்காரன் வீட்டு மோட்டர்! மனிசி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அறுந்து கிடக்கிற வயரை, கரண்ட் இல்லாத ஊர்தானே என்று தடியால் தட்டிவிடப் போகிறவர்களையும் கண்டிருக்கிறேன். கிட்டப் போகக் கூடாது, குறிப்பாக வெள்ளம் நிற்கிற இடத்தில். ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு 1987 க்கு அடியுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் ஏறியிருந்தால் அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவும் கூடாது. எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம். மலசலகூடக் குழியில் இருக்கிறது கிணற்றுக்கு வர நெடுநேரம் எடுக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் குளோரின் போடுவதற்கு ஒழுங்கு செய்வார்கள்.

இவ்வளவும் ஒவ்வொரு வீடும் தன்பாட்டில் செய்யலாமே, சனசமூக நிலையம் எதற்கு என்று கேட்பீர்கள். இளம் பிள்ளைகள் உள்ள வீடு செய்துகொள்ளும். ரீச்சர் வீடு செய்யாது. கயிறு வாங்கக் கடைக்குப் போகவும், முடிச்சுப் போடவும், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பற்றறியைப் பார்க்கவும் அங்கே ஆள் இல்லை. பிள்ளைகள் காசு அனுப்புவார்கள், கை அனுப்ப முடியாது. கை உங்களிடம் இருக்கிறது. பின்னேரம் கரப்பந்து விளையாட வருகிற பத்துப் பெடியன்கள் போதும்.

நான் கேட்பது இதுதான். ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிறு, இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போங்கள். தனியாக இருக்கிற முதியவர் வீடுகளில் வாளியையும் கயிற்றையும் அங்கேயே கட்டி, அவர்களையே ஒரு தடவை அள்ளச் சொல்லிப் பாருங்கள். அள்ள முடியாதவர் என்றால் யார் அள்ளிக் கொடுப்பது என்று அயலில் ஒரு பெயரை அப்போதே எழுதுங்கள். இன்சுலின், நெபுலைசர், ஒட்சிசன் மெசின் பாவிக்கிற வீடுகளின் விபரத்தைச் செயலாளரும் கிராம அலுவலரும் மட்டும் வைத்திருக்கட்டும். விளம்பரப் பலகையில் ஒட்டுகிற விசயம் இல்லை அது. மெசின் ஓடுகிற வீடென்றால் கரண்ட் போய் எத்தனை மணித்தியாலத்துக்குள் ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும் என்று முன்னமே கேட்டு வையுங்கள்.

நிலையத்துக் கட்டிடத்தில் ஒரு சோலர் பலகையும் ஒரு பற்றறியும் வைத்து, இருபது போன் ஒரே நேரத்தில் சார்ஜ் போட ஒரு மேசை ஒழுங்கு செய்யலாம். காசுக்கு வெளிநாட்டில் உள்ள எங்கள் ஊர் ஒன்றியங்களைக் கேளுங்கள். வாசலில் பெயர் வெட்டிய வளைவு கட்ட அனுப்புகிறவர்கள் இதற்கும் அனுப்புவார்கள். பெயரை வேண்டுமென்றால் பற்றறிப் பெட்டியில் எழுதிவிடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். லைன் கிடைக்கிற யாராவது ஒருவர் அந்த ஒன்றியத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை "இன்னார் இன்னார் வீடு பார்த்தோம், சுகம்" என்று ஒரு செய்தி போட்டால், ரொறன்ரோவில் இருக்கிற மகளும் அன்றிரவு நித்திரை கொள்ளுவாள்.

என் பங்கு: எந்த ஞாயிறு என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் பக்கத்து நிலையங்கள் என்றால் நானே வந்து மெயின் சுவிட்சும் பற்றறியும் பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம், பிளேன்ரீ போதும். கிடங்கில் கழற்றிப் போட்ட கப்பிகள் எட்டு ஒன்பது இருக்கின்றன. எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். ரீச்சருடையது பழைய இரும்போடு போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒன்றை மார்கழியிலேயே கொண்டுபோய்ப் பூட்டினேன். அவர் ஒரு வாளி தண்ணியைத் தானே இழுத்துப் பூக்கன்றுக்கு ஊற்றிவிட்டு, "கயிறு கொஞ்சம் நீளம் தம்பி" என்றார். கோடைக்கு என்று சொன்னேன்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு வயரிங்காரன்